பத்து மணி வெயில்

கல்முனை பிரதான வீதியில்
கிழக்கைப் பார்த்த பாமசி இது.
எட்டரைக்குக் கதவைத் தூக்கினால்
எனக்கு முன்னே வெயில் நுழைந்து
இருமல் மருந்துப் போத்தல்களை
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்க்கும்.
ஒன்றும் வாங்காமல் போகும்.

மூன்றாம் தட்டு விற்றமின்களுக்கு.
ஏ, பி, சி, டி, ஈ.
பிறகு ஒரே தாவல், கே.
நடுவில் இருந்த ஐந்து எழுத்துகளை
யார் எடுத்துப் போனார்களோ.
ஸ்டொக் எடுக்கும் நாளெல்லாம்
விரல் அந்த இடத்தில் ஒரு கணம் தடுக்குகிறது.

நேற்று அஸருக்குப் பிறகு ஆதம்பாவா வந்தார்.
இரவுத் தோணிக்காரர்.
மஃரிப் தொழுதால் கடல்,
சுபஹுக்குக் கரை,
ஏலம் முடிந்தால் நித்திரை.
பகலை அவர் முழுசாய்க் கண்டது
இரண்டு பெருநாளிலும்தான்.
ஆறு மாதமாய்க் கால் எலும்பில் குடைச்சல்,
வலை இழுக்கத் தோள் வருவதில்லை.
ஏழாயிரம் கொடுத்து எடுத்த றிப்போட்டில்
டி என்ற எழுத்துக்கு நேரே
தரை தட்டிய ஓர் எண்.

டொக்டரின் துண்டை நான்தான் வாசித்தேன்.
முதல் வரி மாத்திரை.
இரண்டாவது, பத்து மணி வெயில், அரை மணித்தியாலம்.
மூன்றாவது, கொழுப்புள்ள மீன், கிழமைக்கு மூன்று தரம்.
அவர் சிரித்த சிரிப்பில்
கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது.
"கேட்டியா புள்ள,
கடலுக்குப் போறவனுக்குக்
கடல எழுதித் தந்திரிக்காரு."

சிரிப்பு முடியுமுன்னே சொன்னார்:
"கீரி பட்டாலும் லொறிக்கு,
சூரை பட்டாலும் லொறிக்கு.
ஊட்ட பருப்பாணம்.
எஞ்சின் கடன்
மீன்ட ஈரலயும் சேத்துத் திங்கிது."

மீனெண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்தேன்.
நீல அலை, அதற்குப் பின்னால் பனிமலை.
"இது என்ன மீன்?"
லேபலைத் திருப்பினேன். மீன் என்றுதான் இருந்தது.
"மீனெண்டா, அதுக்கொரு பேரில்லையா?"
இருட்டில் கயிறு சுண்டும் சுண்டலை வைத்தே
பாரையா முரலா என்று சொல்லும் விரல்கள்
அந்தத் தங்க உருண்டையை
உருட்டி உருட்டிப் பார்த்தன.
கடித்தே விட்டார்.
கண்ணை மூடி
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி
கடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து
"நம்மட பக்கத்து ஆளில்ல" என்றார்.

காசு எண்ணும்போது என் முகத்தைப் பார்த்தார்.
"வாய்க்கட வெடிச்சிரிக்கி.
பகலைக்கு என்ன திங்கிற?"
ரோல்ஸும் பிளேன்டீயும் என்றேன்,
பி கொம்ப்ளெக்ஸ் தட்டுக்கு
முதுகைக் காட்டி நின்றபடி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பனிமலைப் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு
டி மாத்திரையோடு மட்டும் போனார்.

இன்று பத்து மணிக்குச் சற்று முன்
கறுப்புச் சொப்பிங் பை ஒன்று
கவுண்டரில் வந்து குந்தியது.
உள்ளே கீரி, கண் மங்காதது.
மேலே ஒரு பிடி முருங்கை இலை,
இரண்டு தேசிக்காய்.
"தலைய வீசிராத."
அவ்வளவுதான் பேச்சு.
வெளியே வாங்கில் சேர்ட்டைக் கழற்றி
சாரனை முழங்காலுக்கு மடித்து
கசப்பு மருந்து குடிப்பவர் போல
முகம் சுளித்து வானத்தைப் பார்த்தார்.
மூன்றாம் நிமிடம் குறட்டை.

பிரஷர் மாத்திரைக்கு வந்த டீச்சர்
அவரைச் சுற்றி நடந்தார்.
ஆட்டோ றிழ்வான் படம் எடுத்தான்.
அப்போதுதான் அந்த லொறி
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட
ஓரத்தில் வந்து நின்றது.
கொழும்புக்குப் போகும் மீன்.
சாரதி ரீலோட் போட இறங்கிப் போய்விட்டான்.
லொறியின் நிழல்
ஆதம்பாவாவைக் காலிலிருந்து கழுத்துவரை
போர்த்தி விட்டது.

நானும் றிழ்வானும்
ஆளுக்கொரு நுனி பிடித்து
வாங்கோடு சேர்த்து அவரை
நாலடி இழுத்தோம், வெயிலுக்கு.
சரியான கனம்.
எழும்பவில்லை.
இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.